ஒபாமாகேர் சட்டத்துக்காக சண்டை போடுற ரெண்டு கட்சி காங்கிரஸ் உறுப்பினர்களுக்கும் ஹூஸ்டன்ல இருந்து ஒரு திறந்த மடல்

அமெரிக்க செனட்டர்களுக்கும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களுக்கும், அதுலயும் எங்க டெக்சாஸ்ல இருந்து போயிருக்கிறவங்களுக்கும்,

நீங்க எல்லாரும் கிறிஸ்துமஸ் லீவுக்கு கிளம்பிட்டீங்க. ஒபாமாகேர் சட்டத்துல வந்த மார்க்கெட்பிளேஸ்ல, அதாவது கம்பெனி இன்சூரன்ஸ் இல்லாதவங்க தனியா பிளான் வாங்கற அரசாங்க சந்தையில, பிரீமியத்துக்கு கிடைக்கிற கூடுதல் சப்சிடி டிசம்பர் 31-ஓட முடியுதுன்னு உங்கள்ல ஒருத்தருக்கும் தெரியாம இல்ல, அந்த தேதிய சட்டத்துல எழுதினதே காங்கிரஸ்தான், 2021-ல கொண்டு வந்து 2022-ல நீட்டி 2025 கடைசி வரைக்கும்னு போட்டீங்க. மூணு வருஷம் டைம் இருந்துச்சு. செனட்ல ஓட்டு நடந்தது டிசம்பர் 11. ஜனவரி 1-ல இருந்து கவரேஜ் வேணும்னா நாங்க பிளான் எடுக்க வேண்டிய கடைசி நாள் டிசம்பர் 15. வெறும் நாலு நாள் இருக்கும்போது ரெண்டு கட்சியும் ஆளுக்கொரு மசோதா கொண்டு வந்தீங்க, ரெண்டுக்கும் 51-48-தான் விழுந்துச்சு, 60 ஓட்டு வேணும்கிறதால ரெண்டுமே தோத்துச்சு. தோக்கும்னு ஓட்டு போடறதுக்கு முன்னாடியே உங்க எல்லாருக்கும் தெரியும். பிரதிநிதிகள் சபையில 17-ந்தேதி ஒரு மசோதா 216-211-னு பாஸ் ஆச்சு, அதுல இந்த சப்சிடிய நீட்டிக்கிற பேச்சே இல்ல. அதே நாள் நாலு ரிபப்ளிகன் உறுப்பினர்கள் சப்சிடிய நீட்டுற மசோதாவ ஓட்டுக்கு எடுக்க வைக்கிற டெமாக்ரட்ஸோட பெட்டிஷன்ல கையெழுத்து போட்டு, தேவையான 218 ஆக்கினாங்க, சரி இப்பவாவது ஓட்டுக்கு வரும்னு பாத்தா அதையும் ஜனவரிக்கு தள்ளிட்டு சபைய மூடிட்டீங்க.

இதை இங்கிலீஷ்லயும் எழுதி அனுப்பியிருக்கேன். ஒரு ஆபீஸ்ல இருந்து அச்சடிச்ச பதில் வந்துச்சு, எதிர்க்கட்சி எப்படி எல்லாத்தையும் கெடுத்துச்சுன்னு முழுப் பக்கம், நான் கேட்ட ஒரு கேள்விக்கும் அதுல பதில் இல்ல. தமிழ்ல ஏன் எழுதறேன்னா, இங்க இருக்கிற நம்ம ஆளுங்களும் உங்க சண்டைய வீட்டுக்குள்ள கொண்டு வந்துட்டாங்க. அவங்களும் இதை படிக்கணும்.

எனக்கு வயசு 60, என் மனைவிக்கு 58. நான் ஆயில் கம்பெனிகளுக்கு கான்ட்ராக்ட்ல சாஃப்ட்வேர் வேலை பாக்குறேன், கம்பெனி இன்சூரன்ஸ் கிடையாது, நாங்களேதான் வாங்கணும். வருஷ வருமானம் 85,000 டாலர் பக்கம் வரும். இந்த வருஷம் வரைக்கும் வருமானத்துல எட்டரை சதவீதத்துக்கு மேல பிரீமியம் கட்ட வேண்டாம்னு வரம்பு இருந்துச்சு, அதனால மாசம் 600 டாலர் சொச்சம் கட்டினோம். வர்ற வருஷம் ரெண்டு பேர் குடும்பத்துக்கு 84,600 டாலர், அதாவது வறுமைக் கோட்டு வருமானத்துல 400 சதவீதம்ங்கிறது கோடு. அந்த கோட்டுக்கு ஒரு டாலர் மேல போனாலும் சப்சிடி பூஜ்யம், முழு பிரீமியமும் நம்ம தலையில. அதே பிளானுக்கு இப்ப எங்களுக்கு வந்திருக்கிற பில் மாசம் 2,300 டாலருக்கு மேல. இது எங்க வீட்டு கதை மட்டும் இல்ல, கேஎஃப்எஃப் ஆராய்ச்சி நிறுவனம் போட்ட கணக்குலயும் 85,000 டாலர் சம்பாதிக்கிற 60 வயசு தம்பதிக்கு வருஷத்துக்கு 22,600 டாலருக்கு மேல ஏறும்னுதான் இருக்கு. சப்சிடி வாங்கறவங்க எல்லாருக்குமா பாத்தா சராசரியா வருஷம் 888 டாலர் கட்டினவங்க 1,904 டாலர் கட்டணும், ரெட்டிப்புக்கும் மேல. சுமார் 2.2 கோடி பேர் இந்த சப்சிடி வாங்கறாங்க, டெக்சாஸ்ல மட்டும் கிட்டத்தட்ட 40 லட்சம் பேர் மார்க்கெட்பிளேஸ்ல இருக்காங்க. உங்களுக்கு ஓட்டு போட்டவங்களும் அதுல இருக்காங்க, ரிபப்ளிகன் உறுப்பினர்களே, நிறையவே இருக்காங்க.

வருமானத்த குறைச்சுக்கோங்கன்னு டாக்ஸ் பாக்குறவர் சொல்றாரு. கொஞ்சம் வேலைய வேண்டாம்னு சொல்லிட்டா சப்சிடி கிடைக்குமாம். வேலை செய்யாதவனுக்கு சப்சிடி போகுதுன்னு மேடையில பேசுறீங்க, நீங்க திரும்பக் கொண்டு வர்ற இந்த கோடுதான் வேலை செய்யறவன வேலைய விடச் சொல்லுது. இதை தயவுசெஞ்சு ஒரு நிமிஷம் யோசிங்க.

இந்த சட்டத்துக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு உங்கள்ல பல பேருக்கு மறந்துபோச்சு, எங்களுக்கு மறக்காது. என் மனைவிக்கு 2008-ல லூபஸ்னு கண்டுபிடிச்சாங்க, உடம்போட எதிர்ப்பு சக்தியே உடம்ப தாக்குற நோய். 2009-ல எனக்கு லே ஆஃப். கோப்ரா எடுத்தோம், வேலை போனப்புறமும் பழைய கம்பெனி இன்சூரன்ஸ கொஞ்ச காலம் தொடர்ற ஏற்பாடு, 18 மாசம், அது முடிஞ்சதும் தனியா பிளான் வாங்கலாம்னு போனா, ஒரு கம்பெனி என்னை மட்டும் எடுத்துக்கறேன்னு சொல்லுச்சு, அவளுக்கு ஒரு பக்க லெட்டர், ஏற்கனவே நோய் இருக்கு, தர முடியாதுன்னு. இன்னொரு கம்பெனி ஃபார்ம்ல கேட்ட கேள்விகளை பாத்துட்டே வேண்டாம்னு வெச்சுட்டோம். டெக்சாஸ்ல அப்ப இப்படி ஒதுக்கப்பட்டவங்களுக்குன்னு தனியா ஒரு இன்சூரன்ஸ் பூல் வெச்சிருந்தாங்க, அதுல பிரீமியம் சாதாரண ரேட்டுக்கு ரெட்டிப்பு. வருமானம் இல்லாத வீட்ல ரெட்டிப்பு பிரீமியம். அவ ரெண்டு தடவ யூரின் டெஸ்ட்ட தள்ளிப் போட்டா, நான் கேட்டா "எனக்கு நல்லாத்தான இருக்கு"ம்பா. கிட்னில புரோட்டீன் போகுதான்னு பாக்குற டெஸ்ட் அது. தள்ளிப் போடற டெஸ்ட் இல்ல.

2014 ஜனவரில மார்க்கெட்பிளேஸ் பிளான் வந்தப்ப அந்த ஃபார்ம்ல நோய் பத்தி ஒரு கேள்வியும் கிடையாது. வயசு, ஊர், சிகரெட் பிடிப்பீங்களா, அவ்வளவுதான். அதுக்காகவே நாங்க இந்த சட்டத்துக்கு கடமைப்பட்டிருக்கோம், அதை யார் பேர்ல கூப்பிட்டாலும் சரி.

ரிபப்ளிகன் உறுப்பினர்களே, சட்டம் வந்ததுல இருந்தே திரும்பத் திரும்ப நீங்க அதை ஒழிக்கப் பாத்தீங்க. 2011 ஜனவரில முதல் ஓட்டு, 245-189. அப்புறம் அடுத்தடுத்து, முழுசா ஒழிக்கிறதுக்கும் பகுதி பகுதியா ஒழிக்கிறதுக்குமா 50 தடவைக்கு மேல பிரதிநிதிகள் சபையில ஓட்டு. 2013 அக்டோபர்ல இதுக்காக அரசாங்கத்தையே 16 நாள் மூடினீங்க, எங்க செனட்டர் டெட் குரூஸ் அதுக்கு முந்தின வாரம் 21 மணி நேரம் நின்னு பேசினாரு. 2016 ஜனவரில ஒழிப்பு மசோதா ஒபாமா மேசை வரைக்கும் போச்சு, அவர் வீட்டோ பண்ணாரு. சுப்ரீம் கோர்ட்டுக்கும் போனீங்க, 2012-ல 5-4, 2015-ல 6-3, கடைசியா எங்க டெக்சாஸ் மாநிலமே முன்ன நின்னு போட்ட கேஸ் 2021-ல 7-2-னு தள்ளுபடி ஆச்சு. மூணு தடவையும் சட்டம் பிழைச்சுது. ஒவ்வொரு தடவையும் எங்க வீட்ல என்ன நடந்துச்சுன்னா, கிடைக்கிற மருந்தெல்லாம் 90 நாளுக்கு வாங்கி வெச்சோம், டாக்டர் அப்பாயின்ட்மென்ட்ட முன்னாடி இழுத்தோம்.

2017-அ நான் தனியா சொல்லணும். மே 4-ந்தேதி பிரதிநிதிகள் சபை 217-213-னு மசோதா பாஸ் பண்ணுச்சு, எத்தனை பேர் இன்சூரன்ஸ் இழப்பாங்கன்னு காங்கிரஸோட சொந்த பட்ஜெட் ஆபீஸ் கணக்கு வர்றதுக்கு முன்னாடியே. கணக்கு வந்தது மே 24, அதுல 2026-க்குள்ள 2.3 கோடி பேர் கூடுதலா இன்சூரன்ஸ் இல்லாம போவாங்கன்னு இருந்துச்சு. கணக்கு தெரியாம ஓட்டு போட்டுட்டு வெள்ளை மாளிகை தோட்டத்துல நின்னு கொண்டாடினீங்க. ஜூலைல செனட்ல வந்தது இன்னும் மோசம், ராத்திரி பத்து மணி வாக்குல மசோதாவ வெளியிட்டு, ஒன்றரை மணிக்கு ஓட்டு. நாட்டோட பொருளாதாரத்துல ஆறுல ஒரு பங்கு மருத்துவ செலவு, அதை மாத்துற மசோதாவ படிக்க மூணு மணி நேரம். நாங்க ரெண்டு பேரும் டிவி முன்னாடி உக்காந்திருந்தோம். ஜான் மெக்கெய்ன் நடந்து வந்து கைய கீழ காட்டினாரு, சூசன் காலின்ஸும் லிசா மர்கவ்ஸ்கியும் ஏற்கனவே எதிர்த்து நின்னாங்க, 49-51. மூணு பேரும் ரிபப்ளிகன்ஸ். அந்த மூணு பேருக்கும் நான் இன்னைக்கும் நன்றி சொல்றேன், கட்சி பாத்து சொல்லல.

அதுக்கப்புறம் எட்டு வருஷம் ஆச்சு. பதிலா என்ன திட்டம்னு கேட்டா, 2024 செப்டம்பர் விவாதத்துல டிரம்ப் சொன்னது, திட்டத்துக்கான யோசனைகள் இருக்குன்னு. ஐயா, லூபஸ் இருக்கிற ஒருத்திக்கு யோசனைய வெச்சு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை வாங்க முடியாது. இருக்கிறத இடிக்கணும்னா இடிங்க, அது உங்க உரிமை, ஜெயிச்சு வந்திருக்கீங்க, ஆனா அதுக்கு முன்னாடி நாங்க எங்க போய் நிக்கணும்னு காட்டுங்க. 15 வருஷமா இந்த ஒண்ணுதான் கேக்கறோம்.

டெமாக்ரட் உறுப்பினர்களே, உங்ககிட்டயும் கணக்கு இருக்கு. பிடிச்ச பிளான வெச்சுக்கலாம்னு ஒபாமா திரும்பத் திரும்ப சொன்னாரு, 2013 கடைசில லட்சக்கணக்கான பேருக்கு கேன்சல் லெட்டர் வந்துச்சு. வெப்சைட் திறந்த முதல் நாளே படுத்துச்சு. இதை சொன்னா அப்ப உங்க ஆளுங்க எங்களை எதிரி கட்சிக்காரன் மாதிரி பாத்தாங்க. 2017-க்கு பிரீமியம் 20 சதவீதத்துக்கு மேல ஏறினப்ப, 400 சதவீத கோட்டுக்கு மேல இருந்த எங்களை மாதிரி ஆளுங்க முழு அடியும் வாங்கினோம், எங்க ஏரியால வெளி டாக்டர்கிட்டயும் போக விடற பி.பி.ஓ பிளான் காணாம போய், நெட்வொர்க் டாக்டர்கிட்ட மட்டும் போக விடற எச்.எம்.ஓ மட்டும் மிஞ்சுச்சு, என் மனைவி வருஷக்கணக்கா பாத்த ருமட்டாலஜி டாக்டர் நெட்வொர்க்க விட்டு போயிட்டாரு. அப்ப நீங்க சட்டம் நல்லாத்தான் வேலை செய்யுதுன்னு சொல்லிட்டே இருந்தீங்க, ஏன்னா குறை இருக்குன்னு ஒத்துக்கிட்டா எதிர்க்கட்சி பிடிச்சுக்கும்னு பயம். அந்த கோடு தப்புன்னு 2021-ல தூக்கினீங்களே, அதை நிரந்தரமா தூக்கியிருக்கலாம். மசோதாவோட மொத்த செலவு குறைவா தெரியணும்னு காலாவதி தேதி போட்டீங்க, அந்த தேதில எதிர்க்கட்சி ஆட்சில இருந்தா என்ன ஆகும்னு யோசிக்கல. பிணைக்கைதி நாங்கதான் ஆனோம். இந்த அக்டோபர் 1-ல இருந்து நவம்பர் 12 வரைக்கும் 43 நாள் அரசாங்க ஷட்டவுன், அது வரைக்கும் நாட்டு வரலாற்றுலயே நீளமானது, அது முடிஞ்சப்ப கைக்கு வந்தது செனட்ல ஒரு ஓட்டு நடத்தறோம்கிற வாக்கு மட்டும். அந்த ஓட்டுதான் டிசம்பர் 11-ந்தேதி தோத்தது.

நடுவுல நம்ம தமிழ் நண்பர்களுக்கு. பாட்லக்குல, பொங்கல் விழாவுல, கோயில் கேன்டீன்ல எல்லா இடத்துலயும் இந்த பேச்சு வருது, "என் டாக்ஸ் காசுல ஏன் இன்னொருத்தருக்கு சப்சிடி"ன்னு. கேக்கறவர் பெரிய கம்பெனில மேனேஜர். உங்க கம்பெனி கட்டுற இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கு வருமான வரி கிடையாதுன்னு உங்களுக்கு தெரியுமா, அதுவும் அரசாங்கம் விட்டுக்கொடுக்கிற காசுதான், அதுக்கு சப்சிடின்னு பேர் வெக்கல, அவ்வளவுதான் வித்தியாசம். நாளைக்கு உங்களுக்கு 56 வயசுல லே ஆஃப் ஆனா, வயசானவங்களுக்கான அரசு இன்சூரன்ஸ் மெடிகேர் வர 65 ஆகணும், நடுவுல ஒன்பது வருஷம் நீங்க வாங்கப் போறது இந்த மார்க்கெட்பிளேஸ்லதான். ஊர்ல இருந்து கிரீன் கார்டுல கூட்டிட்டு வந்த அப்பா அம்மாவுக்கு அஞ்சு வருஷம் மெடிகேர் கிடையாது, சுகர், பிரஷர் எல்லாம் இருந்தும் அவங்களுக்கு முழு கவரேஜ் கிடைக்கிறதே இந்த சட்டத்தாலதான். முன்னாடி விசிட்டர் இன்சூரன்ஸ வெச்சுக்கிட்டு, பழைய நோய்க்கு பைசா வராம, ஈ.ஆர் (எமர்ஜென்சி) பில்ல தவணைல கட்டின குடும்பங்கள் எத்தனைன்னு உங்களுக்கே தெரியும்.

எனக்கு தெரிஞ்ச ஒரு அக்கா, கேட்டரிங்ல சமையல் வேலை. கணவர் இல்ல. கிரீன் கார்டு வந்து அஞ்சு வருஷம் ஆகல. விசேஷம் இருக்கிற மாசம் வேலை, இல்லாத மாசம் சும்மா, வருஷத்துக்கு 15,000 டாலர் தாண்டறதில்ல. புதுசா குடியேறினவங்களுக்கு ஏழைகளுக்கான அரசு இன்சூரன்ஸ் மெடிக்கெய்ட் கிடையாதுங்கிறதால அந்த வருமானத்துக்கும் சப்சிடி கொடுக்கற ஏற்பாடு இந்த சட்டத்துலயே இருந்துச்சு, போன ஜூலை 4-ந்தேதி கையெழுத்தான பெரிய மசோதாவுல அதை ஜனவரி 1-ல இருந்து எடுத்துட்டீங்க. இனிமே ஒரு ஆளுக்கு வறுமைக் கோடான 15,650 டாலருக்கு கீழ இருந்தா அவங்களுக்கு ஒண்ணுமில்ல, சிட்டிசனா இருந்தாலும் டெக்சாஸ்ல ஒண்ணும் இருக்காது, ஏன்னா விரிவாக்கறது மாநிலங்க இஷ்டம்னு சொன்ன 2012 தீர்ப்புக்கு அப்புறம் மெடிக்கெய்ட்ட விரிவாக்க மாட்டோம்னு நின்ன மாநிலம் இது, 65 வயசுக்கு கீழ குழந்தை இல்லாதவங்க எவ்வளவு ஏழையா இருந்தாலும், உடல் ஊனமோ கர்ப்பமோ இல்லன்னா பெரும்பாலும் இங்க மெடிக்கெய்ட் கிடையாது. நாட்டுலயே இன்சூரன்ஸ் இல்லாதவங்க சதவீதம் அதிகமா இருக்கிற மாநிலமும் இதுதான். 2027-ல இருந்து அகதிகளுக்கும் தஞ்சம் கிடைச்சவங்களுக்கும் சப்சிடி கிடையாது, எச்1பி-ல இருக்கிறவங்களுக்கும் கிடையாது. இலங்கைல இருந்து தப்பிச்சு வந்து இங்க தஞ்சம் வாங்கி, கிரீன் கார்டுக்கு காத்துக்கிட்டு இருக்கிற தமிழ் குடும்பங்களும் அதுல வரும். இவங்க யாரும் திருட்டுத்தனமா வந்தவங்க இல்ல. சட்டப்படி இருக்கிறவங்க, வரி கட்டுறவங்க.

மோசடி நடக்குதுன்னு சொல்றீங்க. நடக்குது, நான் மறுக்கல. ஆளுக்கே தெரியாம அவங்க பேர்ல பிளான் போட்டு கமிஷன் வாங்கின ஏஜென்ட்டுங்க இருக்காங்க. அவங்கள பிடிங்க, லைசன்ஸ பறிங்க, நாங்க கூட நிக்கிறோம். அதுக்காக மாசாமாசம் ஒழுங்கா கட்டுற எங்க பிளான ஏன் வெட்டணும்? செலவு அதிகம்னு சொல்றீங்க, நிரந்தரமா நீட்டினா 10 வருஷத்துக்கு சுமார் 35,000 கோடி டாலர்னு பட்ஜெட் ஆபீஸ் சொல்லுது, சின்ன தொகை இல்லதான். ஆனா அதே ஆபீஸ் ஜூலை மசோதாவால 3.4 லட்சம் கோடி டாலர் பற்றாக்குறை கூடும்னும், 2034-க்குள்ள 1 கோடி பேர் இன்சூரன்ஸ் இழப்பாங்கன்னும் சொல்லுச்சு, அதுக்கு நீங்க தயங்கலையே.

உங்க சொந்த இன்சூரன்ஸும் இதே சட்டத்துப்படி வாஷிங்டன் டி.சி மார்க்கெட்பிளேஸ்ல வாங்கினதுதான். உங்க பிரீமியத்துல பெரும்பகுதிய அரசாங்கம் கட்டுது, அதுக்கு காலாவதி தேதி எதுவும் இல்ல.

நாங்க கேக்கறது இதுதான். ஜனவரில சபை கூடின முதல் வாரத்துலயே அந்த 218 பேர் கையெழுத்து போட்ட மசோதாவ ஓட்டுக்கு விடுங்க, பாஸ் ஆனா செனட்ல கிடப்புல போடாம எடுங்க. ஜனவரி 15-ந்தேதி என்ரோல்மென்ட் மூடுது, அதை குறைஞ்சது மார்ச் கடைசி வரைக்கும் நீட்டுங்க, பிரீமியத்த பாத்து பயந்து பிளான விட்டவங்க திரும்ப வரணும். 400 சதவீத கோட்ட நிரந்தரமா எடுங்க, இன்னொரு காலாவதி தேதி வேண்டாம். பணக்காரனுக்கு போகுதுன்னு கவலை இருந்தா மேல ஒரு வரம்பு வெச்சு படிப்படியா குறைங்க, ஒரு டாலர்ல மொத்தமும் போற மாதிரி வேண்டாம். சட்டப்படி குடியிருக்கிறவங்ககிட்ட இருந்து பறிச்ச சப்சிடிய திருப்பிக் கொடுங்க.

இந்த சட்டத்த ஒழிக்கணும்னு மறுபடி யார் மசோதா கொண்டு வந்தாலும், மாற்று திட்டம் முழுசா எழுத்துல இருக்கணும், பட்ஜெட் ஆபீஸ் கணக்கு வந்து 30 நாளாவது பொதுமக்கள் பார்வைக்கு இருக்கணும், அதுக்கப்புறம்தான் ஓட்டுன்னு ரெண்டு சபையும் விதி போடுங்க. டெமாக்ரட்ஸ் கொண்டு வர்ற மசோதாவுக்கும் அதே விதிதான்.

டெக்சாஸ் உறுப்பினர்கள் ஒவ்வொருத்தரும் பிப்ரவரிக்குள்ள அவங்கவங்க தொகுதில ஒரு டவுன்ஹால் பொதுக்கூட்டம் வெச்சு, மார்க்கெட்பிளேஸ்ல இருக்கிறவங்க கேள்விக்கு நேர்ல பதில் சொல்லணும். போன்ல நடத்தற டவுன்ஹால் இல்ல, முன்னாடியே வடிகட்டின கேள்விகளும் இல்ல. எங்க ஏரியால எந்த நாள், எந்த இடம்னு சொல்லுங்க, நானும் என் மனைவியும் பிரீமியம் பில்லோட வர்றோம்.

ஹூஸ்டன், டெக்சாஸ்
டிசம்பர் 2025